ஏற்றியது சட்டமல்ல, சரக்கே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"பிரெஞ்சு ராப்பைப் பாட்டு விற்பனைப் பட்டியலின் முதலிடத்தில் ஏற்றியது சட்டமா, சரக்கா?" என்பது தலைப்பு. எதிரணி நண்பர் சட்டம் என்றார். பிரான்ஸ் நாட்டு வானொலியில் 40 சதவீதம் பிரெஞ்சு மொழிப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்று 1994இல் சட்டம் வந்ததாம், அதே 1994இல் மார்செய் நகரத்து ராப் குழுவான ஐயாமின் 'ஜெ தான்ஸ் லெ மியா' முதலிடம் பிடித்ததாம். கணக்கு முடிந்ததாம்!

நாள்காட்டியின் அடுத்த பக்கத்தையும் புரட்டியிருக்கலாம். சட்டம் நிறைவேறியது 1994 பிப்ரவரியில். ஆனால் வானொலிகளுக்கு அவகாசம் கொடுத்து, அது கட்டாயமானது 1996 ஜனவரி 1 அன்று. 'மியா' 8 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது 1994இல். பிறக்காத பிள்ளையா தொட்டிலை ஆட்டியது? இன்னொன்று: அன்றைய 'டாப் 50' பட்டியல் சிங்கிள் எனும் தனிப்பாட்டுத் தட்டுகளின் விற்பனையை வைத்துப் போட்டது. வானொலி எத்தனை முறை ஒலிபரப்பினாலும், கடையில் யாராவது காசு கொடுத்து வாங்கினால்தான் எண்ணிக்கை ஏறும்.

சரி, சரக்கு என்ன? ஜார்ஜ் பென்சனின் 1980ஆம் ஆண்டுப் பாட்டு 'கிவ் மீ தி நைட்'. அதிலிருந்து ஒரு துண்டு 'மியா'வில் சுழல்கிறது. "அடுத்தவன் பாட்டை வெட்டி ஒட்டினால் போதாதா?" என்று நண்பர் சிரித்தார். வெட்டிப் பார்க்கட்டும். நிமிடத்துக்கு 110 அடி ஓடும் பாட்டில் நான்கு அடி என்பது ஏறக்குறைய 2.2 விநாடி. வெட்டும் இடம் கண்ணிமைக்கும் நேரம் தள்ளிப்போனாலும், ஒவ்வொரு சுற்றிலும் தாளம் தடுக்கி விழும். வேகத்தை 6 சதவீதம் குறைத்தால் சுருதி அரைச் சுரம் இறங்கிவிடும். மேலே புதிதாக வாசித்த கீபோர்டு ஒட்டாது. துண்டுக்குள் இருக்கும் பழைய பேஸும், அதாவது கனத்த கீழ் ஒலியும், புதிய பேஸும் மோதினால் கீழ் ஒலி முழுக்கக் கலங்கல்தான். பழைய பேஸை வடிகட்டி எடுத்தாக வேண்டும். அக்காலத்து ஹிப் ஹாப் ஆட்கள் கொண்டாடிய, பாட்டுத் துண்டுகளைப் பதிந்து மீட்டும் எஸ்பி-1200 கருவியில் மொத்தமே 10 விநாடிதான் பதியும். அதனால் நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓட்டிப் பதிந்து, பிறகு கருவியில் வேகத்தை இறக்குவார்கள். இடம் மிச்சம், கூடவே ஒரு கரகரப்பும் வரும். அந்தக் கரகரப்புக்காகவே இன்றும் அதைத் தேடுகிறவர்கள் உண்டு!

மேலே ஓடும் வரிகளோ 80களின் தொடக்கத்து மார்செய் நடன இரவுகள். திறந்த சட்டை, தங்கச் சங்கிலி, வாசலில் வம்பு. பெருமையும் கேலியும் பாதிக்குப் பாதி. ஐயாமின் பாடகர் அகெனாடன் கோபத்தில் கத்தவில்லை, கதை சொல்கிறார். ராப் என்றாலே காதைப் பொத்தியவர்களும் அதற்கு ஆடினார்கள். மிஷெல் கோன்ட்ரி எடுத்த காணொளி காட்சிக்குள் காட்சியாக நுழைந்துகொண்டே போகும். அதையும் சட்டமா எடுத்தது?

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 1996க்குப் பிறகு ஸ்கைராக் போன்ற வானொலிகள் ராப் பக்கம் சாய்ந்ததில் அந்த 40 சதவீதத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் சட்டம் கேட்டது பிரெஞ்சுப் பாட்டை. ராப்பைக் கேட்கவில்லை! காதல் பாடகர்களுக்கும் அதே கதவுதான் திறந்தது.

எனக்குப் பின் வரும் எதிரணிப் பேச்சாளருக்கு ஒரே கேள்வி. 1998இல் மனோ என்ற ராப் குழு, பாடகர் அலன் ஸ்டிவெல் புகழ்பெறச் செய்த, பிரான்சின் பிரிட்டனி பகுதி நாட்டுப்பாட்டு 'ட்ரி மார்டொலோட்' மெட்டை எடுத்து, 'லா த்ரிபு தெ தானா' என்று போர்க்களக் கதை பாடியது. 12 வாரம் முதலிடம். அந்த 12 வாரமும் அதே சட்டத்தின் கீழ் அதே வானொலிகளில் ஒலித்த மற்ற பிரெஞ்சுப் பாட்டுகள் ஏன் அதை இறக்கவில்லை? பதிலை நடுவரிடம் சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.