போர்க்கப்பலின் செங்குத்து ஏவறைகள்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

நாகை, காரைக்கால் பக்கம் கடற்படைக் கப்பலைப் பார்த்தவர்கள், "பீரங்கி தெரியுது, ஏவுகணை எங்கே?" என்று கேட்பதுண்டு. அது தளத்துக்கு அடியில் இருக்கிறது. விசைப்படகில் மீன் கிடங்குக்கு மூடி இருக்குமே, அதுபோல முன்தளத்தில் வரிசையாகச் சதுர மூடிகள். ஒவ்வொன்றின் கீழும் ஓர் அறை. அதில் ஏவுகணை நிமிர்ந்து நிற்கிறது. 2014-ல் படையில் சேர்ந்த நம் ஐ.என்.எஸ். கொல்கத்தா நாசகாரிக் கப்பலில் பிரம்மோஸ் ஏவுகணைக்கு 16 அறை, வான்வழித் தாக்குதலைத் தடுக்கும் பராக்-8 ஏவுகணைக்கு 32 அறை.

முன்பெல்லாம் தளத்தின் மேல், கைபோல் நீண்ட தாங்கியுள்ள ஏவி நிற்கும். கிடங்கிலிருந்து ஏவுகணையை ஏற்றி, இலக்கின் பக்கம் திருப்பிச் சுட வேண்டும். அந்தக் கை சிக்கிக்கொண்டால் கிடங்கு நிறைய இருந்தும் பயனில்லை. இப்போது ஓர் அறை பழுதானால் பக்கத்து அறை சுடும்.

ஏவுகணையை மேலே அனுப்புவதைவிடப் பெரிய பாடு, அது கக்கும் நெருப்பை வெளியேற்றுவதுதான். அமெரிக்காவின் மார்க் 41 அமைப்பில் எட்டு அறை ஒரு தொகுதி: நான்கு நான்காக இரண்டு வரிசை, நடுவே பொதுப் புகைபோக்கி. ஏவுகணையின் ராக்கெட் மோட்டார் பற்றியதும், அது அடைத்து வைக்கப்பட்டிருக்கும் குப்பியின் அடிமூடி திறந்து, வாயு கீழ்அறைக்குள் இறங்கித் திரும்பி, புகைபோக்கி வழியாக மேலேறும். அந்த வெப்பத்தை மற்ற ஏழு குப்பிகளின் அடிமூடிகளும் தாங்கியாக வேண்டும்.

மோட்டார் எரிந்தும் ஏவுகணை கிளம்பாவிட்டால்? 2018 ஜூனில், நார்வேக்கு அருகே ஜெர்மனியின் சாக்சன் கப்பலில் அதுதான் நடந்தது. முதல் ஏவுகணை ஒழுங்காகப் போனது. இரண்டாவது அறைக்குள்ளேயே எரிந்து தீர்ந்தது. கப்பலை இயக்கும் மேல்மாடத்தின் முகப்பு கருகியது. இருவருக்கு லேசான காயம். இப்படி நேர்ந்தால் வெடிமுனை சூடேறாமல் குளிர்விக்கத்தான் அறைக்குள் தண்ணீர் பாய்ச்சும் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அந்தக் குழாய்களைப் பராமரிப்பதில் அசட்டை கூடவே கூடாது.

வேறு வழியும் உண்டு. பிரிட்டனின் சீ செப்டர் ஏவுகணை அமைப்பு போன்றவற்றில் வாயு அழுத்தத்தால் ஏவுகணையை முதலில் வெளியே தள்ளி, ஆகாயத்தில் மோட்டாரைப் பற்றவைப்பார்கள். தளத்தின் கீழே நெருப்பே இல்லை. ஆனால் மேலே போனது பற்றவில்லையென்றால் கப்பல் மீதே விழலாம்.

எந்த முறையானாலும் ஏவுகணை மேலேறித்தான் திரும்ப வேண்டும். அதனால் மிகக் கிட்டத்தில் வந்துவிட்ட இலக்குக்கு இது தோதில்லை. அதற்கு ஏகே-630 போன்ற விரைவுப் பீரங்கிகளை நம் கப்பல்கள் இன்னும் கைவிடவில்லை.

கடைசிச் சிக்கல், மறுபடி நிரப்புவது. ஆறேழு மீட்டர் நீளக் குப்பியைக் கிரேனில் தொங்கவிட்டு, சற்றும் சாயாமல் அறைக்குள் இறக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நம் கடல் எப்படி ஆடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் அறைகள் காலியானால் துறைமுகம் திரும்புவதே வழக்கம். 2024 அக்டோபரில்தான், சான் டியாகோ அருகே, ஓடும் கப்பலான சோசினின் அறைக்குள் குப்பியை இறக்கி அமெரிக்கக் கடற்படை ஒத்திகை பார்த்தது. அதுவும் காலிக் குப்பி.

நன்றி, வணக்கம்.