தறிச் சத்தமும் ஓர் அவித்த முட்டையும்

எல்லாருக்கும் வணக்கம். ஜப்பானில் என்ன கற்றுக்கொண்டு வந்தாய், அதைப் பேசு என்று சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஐந்து மாதம் நகோயாவில் பரிமாற்ற மாணவனாக இருந்துவிட்டு வந்திருக்கிறேன், எல்லாவற்றையும் அரைமணி நேரத்தில் சொல்லப் போனால் சுற்றுலா விளம்பரம் மாதிரி ஆகிவிடும். அதனால் ஒரே ஒரு நாளைச் சொல்கிறேன். அன்றைக்கு இரண்டு கம்பெனி பார்த்தோம், நடுவிலும் முன்னும் பின்னும் சாப்பிட்டோம்.

காலையில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடை. நான் கேட்டது ஒரு காபி. வந்தது காபி, வெண்ணெய் தடவிய விரல் தடிமன் ரொட்டி, அதன்மேல் இனிப்பான சிவப்புப் பயறு விழுது, கூடவே ஓர் அவித்த முட்டை. பக்கத்து மேசைக்கு வைக்க வேண்டியதை மாற்றி வைத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். கூட வந்த ஜப்பானிய நண்பன்தான் சொன்னான், இதற்குப் பெயரே ‘மார்னிங்’, காலையில் காபிக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும், மற்றதெல்லாம் சேர்ந்தே வரும் என்று.

ஏன் இப்படி என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில்தான் இன்றைக்கு நான் இங்கே நிற்பதற்கே காரணம். நகோயாவுக்கு வடக்கே இச்சினோமியா என்று ஒரு நெசவு ஊர். 1950களில் அங்கே தறித்தொழில் கொழித்தது. தறி ‘கச்சா’ என்று ஓர் அடி அடித்தால் ஒரு ‘மான்’, அதாவது 10,000 யென் வருகிறது என்று அந்தக் காலத்தையே ‘கச்சாமான்’ என்பார்கள். தறிக்கூடத்துக்குள் உட்கார்ந்து வியாபாரம் பேச முடியாது, சத்தம் அப்படி. முதலாளிகள் வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு காபிக் கடைக்குப் போனார்கள். தினமும் வரும் ஆட்களாயிற்றே என்று கடைக்காரர்கள் காபியோடு வேர்க்கடலையும் அவித்த முட்டையும் வைக்க ஆரம்பித்தார்கள். அதுதான் வளர்ந்து என் தட்டு வரைக்கும் வந்திருக்கிறது.

நான் சோமனூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. தறி ஓடும்போது பேச்சு கேட்காது, அப்பா கையைக் காட்டித்தான் சாப்பிடக் கூப்பிடுவார். அந்த முட்டையை உரிக்கும்போது எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று உங்களில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

சரி, முதல் கம்பெனி டொயோட்டா. ஊரின் பெயரும் டொயோட்டாதான். கொரோமோ என்று இருந்த ஊர், 1959இல் கம்பெனியின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டது. ஆனால் அந்தக் கம்பெனியும் தறியிலிருந்து வந்ததுதான். கார் கம்பெனியைத் தொடங்கியவரின் அப்பா சகிச்சி டொயோடா, ஒரு தச்சரின் மகன். அம்மா கைத்தறியில் படும் பாட்டைப் பார்த்துத் தறியில் கை வைத்தவர் என்பார்கள். 1924இல் வந்த அவருடைய ‘ஜி’ வகைத் தானியங்கித் தறி, நாடாவில், அதாவது ஊடை நூலைக் கொண்டு குறுக்கே ஓடும் கட்டையில், நூல் தீரும்போது ஓட்டத்தை நிறுத்தாமலே நாடாவை மாற்றிக்கொள்ளும், நீளவாக்கில் ஓடும் பாவு இழை ஒன்று அறுந்தால் தானே நின்றுவிடும். நகோயாவில் பழைய மில் கட்டடத்திலேயே இருக்கும் அவர்களுடைய அருங்காட்சியகத்தில், அதற்கு முந்தின வாரமே அந்தத் தறியைப் பார்த்திருந்தேன். எங்கள் தறியில் இழை அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால் முழத்துக்கு முழம் டேமேஜ்தான், கூலியில் பிடித்துக்கொள்வார்கள். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் அப்பாவின் வேலையில் பாதி. இந்தத் தறி அந்தப் பாதியைத் தானே செய்துகொண்டது. அதனால் ஒரே ஆள் முப்பது தறிக்கு மேல் பார்க்க முடிந்தது.

கார் தொழிற்சாலையில் போனையும் கேமராவையும் வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மேலே ஒரு நடைபாதையில் நின்று கீழே பார்க்கிறோம். அதே தறிதான் ஓடுகிறது, இழைக்குப் பதில் மனிதர்கள்! யாருக்காவது ஒரு போல்ட் சரியாக உட்காரவில்லை என்றால் தலைக்கு மேலே இருக்கும் கயிற்றை இழுக்கலாம். பலகையில் விளக்கு எரியும், ஒரு பாட்டு மெட்டு ஒலிக்கும், குழுத் தலைவர் ஓடி வருவார். குறிப்பிட்ட இடத்துக்கு வண்டி போய்ச் சேர்வதற்குள் சரியாகவில்லையா, மொத்த வரிசையும் நிற்கும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் இழுக்கலாம், இழுத்ததற்குத் திட்டு கிடையாதாம். அப்புறம் இருப்பு பற்றிச் சொன்னார்கள். தேவையானது, தேவையான நேரத்தில், தேவையான அளவு. அதற்கு மேல் அடுக்கி வைத்திருப்பது எல்லாம் வீண்.

இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, கடையில் வாங்கிய சோற்று உருண்டையை மென்றுகொண்டே ரயிலேறினோம். அரைமணி நேரத்துக்குள் ஒகசாக்கி. அங்கே 1645இல் தொடங்கிய கக்குக்யூ என்ற கம்பெனி, சோயாவைப் புளிக்க வைத்து மிசோ என்ற விழுது செய்கிறார்கள். ஒகசாக்கிக் கோட்டையிலிருந்து எட்டு ‘சோ’ தூரம், ஏறக்குறைய 870 மீட்டர், எட்டுக்கு ஜப்பானிய மொழியில் ‘ஹச்சி’, அதனால் இந்த மிசோவுக்கு ஹச்சோ மிசோ என்று பெயர். (டொயோட்டா என்று ஜப்பானிய எழுத்தில் எழுதினால் எட்டுக் கோடுதான், அது ராசி என்பார்கள். எட்டு அவர்களுக்கு நல்ல எண், நமக்குத்தான் அஷ்டமம்.)

உள்ளே நுழைந்ததும் வாசனை. சோயா பயறு, உப்பு, தண்ணீர், பயறிலேயே வளர்த்த பூஞ்சை, அவ்வளவுதான் சரக்கு. ஆள் உயரத்தைத் தாண்டிய மரத் தொட்டி, ஒன்றில் 6 டன் மிசோ, அதன்மேல் 3 டன் கல்லைக் கோபுரம் மாதிரி கையாலேயே அடுக்கியிருக்கிறார்கள். சிமென்ட் இல்லை, ஒன்றுமில்லை. அடுக்கப் பழகவே வருடக்கணக்கில் ஆகுமாம். அடுக்கி முடித்தால் இரண்டு கோடை, இரண்டு குளிர்காலம் தொடாமல் விட வேண்டும்.

நான் சும்மா இருக்காமல், “காலையில் இருப்பு என்பது வீண் என்று சொன்னார்களே, இங்கே இரண்டு வருடச் சரக்கு நிற்கிறதே?” என்று கேட்டேன். நண்பன் மொழிபெயர்த்தான். சுற்றிக்காட்டிய பெரியவர் சிரித்துவிட்டு, “இது நிற்கவில்லை, வேலை செய்துகொண்டிருக்கிறது” என்றார். எனக்கு அந்தப் பதில் போதும் என்று பட்டது. ஆனாலும் இரண்டு வருடப் பணத்தைத் தொட்டியில் போட்டுவிட்டு எப்படிக் கம்பெனி நடத்துகிறார்கள் என்பது இன்னமும் வியப்புதான், எங்கள் வீட்டில் ஒரு மாதக் கூலி தள்ளிப்போனாலே தறி நின்றுவிடும்.

ராத்திரி நகோயா திரும்பி, அதே மிசோவில் கொதிக்க வைத்த உடோன் என்ற கோதுமை நூடுல்ஸ். (சைவக்காரர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், சாறில் மீன் இருக்கும்.) மண்சட்டி கொதித்துக்கொண்டே வந்தது. மூடியில் ஓட்டை இல்லை, அதைத் திருப்பிப் போட்டுத் தட்டாக்கிக்கொள்கிறார்கள். ஒரு வாய் வைத்தேன், நூடுல்ஸ் வேகவே இல்லை, கடிக்கக் கடிக்கத் திமிறுகிறது. காலையில் கயிறு இழுப்பதைப் பார்த்த தைரியம் இருக்கிறதே, நேராகக் கையைத் தூக்கிக் கடைக்கார அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த அம்மா சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நண்பனிடம் ஏதோ சொன்னார். உப்புப் போடாமல் பிசைந்து, தனியாக வேகவைக்காமல் நேரே சாறில் போடுவது, இது இப்படித்தான் இருக்கும், மென்று சாப்பிடச் சொல் என்றாராம்.

மென்றேன்.