பத்துப் பக்கத்துக்கு 3,400 ரூபாயா? போங்க மக்கா!

வணக்கம் மக்கா. இன்றைக்கு எங்கேயும் போகவில்லை, வீட்டு மாடியில்தான் இருக்கிறேன். கீழே மைனி தேங்காய் துருவுகிற சத்தம் கேட்கும், கண்டுகொள்ளாதீர்கள். புது மைக் இன்னும் வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்பது இந்தக் கதையிலேயே வரும்.

39 டாலர் 95 சென்ட். ஒரே ஒரு ஆய்வுக்கட்டுரைக்கு. புத்தகத்துக்கு இல்லை, இதழின் ஒரு முழு வெளியீட்டுக்கும் இல்லை, ஒரு கட்டுரைக்கு. நம்ம ஊர்ப் பணத்தில் ஏறக்குறைய 3,400 ரூபாய் வருகிறது, அதற்கு மேல் வரி, அதற்கு மேல் வெளிநாட்டுப் பணம் என்று வங்கிக்காரர் பிடிக்கிற தொகை. சரி, கட்டுரை எத்தனை பக்கம்? 14. அதில் முதல் பக்கத்தைச் சும்மாவே காட்டுகிறார்கள். கடைசி மூன்று பக்கம் மேற்கோள் பட்டியல், அதுவும் இலவசம்தான். மிச்சம் பத்துப் பக்கம். பக்கத்துக்கு 340 ரூபாய்! மார்த்தாண்டத்தில் நான் போகிற ஜெராக்ஸ் கடை அண்ணன் இதைக் கேட்டால் கடையைப் பூட்டிவிட்டு இதழ் நடத்தப் போய்விடுவார்.

இன்னும் இருக்கிறது, கேளுங்கள். அந்தக் காசைக் கட்டினாலும் 48 மணி நேரம்தான் திறந்து பார்க்கலாமாம். அதற்குள் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரம் பார்த்து நம்ம ஊரில் காற்றும் மழையும் வந்து கரண்ட் போனால்?

கட்டுரை எதைப் பற்றி என்று சொல்லாமலேயே புலம்பிக்கொண்டிருக்கிறேன். பார்த்திவபுரம் மக்கா! நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து முஞ்சிறைப் பக்கம். என் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் போனால் ஒரு சாயா ஆறுகிற நேரம்கூட ஆகாது. பழைய ஆட்களுக்குத் தெரியும், சிதறால் மலை வீடியோவில் கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லியிருந்தேன், அடுத்தது பார்த்திவபுரம் செப்பேடுதான் என்று. புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கி.பி. 866-இல் நம்ம பகுதியை ஆண்ட ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறை ஊர்ச்சபையாரிடம் நிலத்துக்கு நிலம் மாற்றிக் கொடுத்து ஓர் இடத்தை வாங்குகிறான். அந்த நிலத்தின் பேரும் ‘விளை’ என்றுதான் முடிகிறது, நம்ம மாவட்டத்தில் பாதி ஊர் அப்படித்தானே. அங்கே ஒரு விஷ்ணு கோயில் கட்டி, கூடவே 95 மாணவர்களுக்கு ஒரு சாலை வைக்கிறான். சாலை என்றால் தங்கிப் படிக்கிற கல்விச்சாலை, உணவும் அங்கேயே. 45 இடம் பவிழிய சரணத்தாருக்கு, 36 தைத்திரீயத்தாருக்கு, 14 தலவகாரத்தாருக்கு என்று, வேதக் கிளை வாரியாகச் செப்பேட்டிலேயே ஒதுக்கீடு பிரித்து எழுதியிருக்கிறது. கூட்டிப் பாருங்கள், சரியாக 95 வரும், நான் கூட்டிப் பார்த்துவிட்டேன். எல்லாருக்கும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள், வேதம் படிக்கிறவர்களுக்கு மட்டும்தான். அதில் எனக்கு வருத்தம் உண்டு, அது தனி வீடியோ.

விதிகளைப் படித்தால் இன்றைய ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டு தோற்றுவிடும். இலக்கணம் தெரிந்தவர்களைத்தான் சேர்க்க வேண்டும். ஒருவரை ஒருவர் திட்டினால் அபராதம். ஆயுதத்தோடு கூட்டத்துக்கு வரக்கூடாது. உள்ளே சூதாடக்கூடாது. ஆயுதத்தோடு வராதே என்று எழுதி வைக்கிற அளவுக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம், ஆய்வேட்டில் இப்படி எழுதினால் என் நெறியாளர் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவார்.

சரி, இந்தச் செப்பேடு யாருக்குச் சொந்தம்? திருவனந்தபுரத்தில் ஹுஸூர் கச்சேரியில், அதாவது திருவிதாங்கூர் அரசின் தலைமை அலுவலகத்தில், இருந்ததால் ‘ஹுஸூர் ஆபீஸ் செப்பேடு’ என்றே பேர் விழுந்துவிட்டது. திருவிதாங்கூர்த் தொல்லியல் துறையில் கண்காணிப்பாளராக இருந்த து.அ. கோபிநாத ராவ், ‘திருவாங்கூர் ஆர்க்கியலாஜிக்கல் சீரிஸ்’ முதல் தொகுதியிலேயே இதைப் பதிப்பித்துவிட்டார். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தத் தொகுதி இன்டர்நெட் ஆர்க்கைவ் என்கிற இணைய நூலகத்தில் சும்மா கிடைக்கிறது, ஒரு பைசா வேண்டாம். ஆக மூலம் இலவசம், அதைப் பற்றிப் பின்னால் ஒருவர் எழுதினதுக்கு 3,400. இந்த நியாயம்தான் எனக்குப் பிடிபடவில்லை. எழுதினவருக்காவது அந்தக் காசு போகிறதா? போகாது. ஆய்விதழ்களில் கட்டுரை எழுதுகிறவருக்குச் சம்பளம் கிடையாது, அதைச் சரிபார்க்கிற மதிப்பீட்டாளர்களில் பெரும்பாலானவர்களுக்கும் கிடையாது. 1665-இல் லண்டனிலும் பாரிசிலும் முதல் ஆய்விதழ்கள் வந்த காலத்தில் அச்சுக்கூலி, தபால்கூலி என்று ஏதாவது சொல்லலாம். இப்போது ஒரு பிடிஎஃப்புக்கு என்ன கூலி?

இந்த இடத்தில் சிலர் கமெண்டில் வருவீர்கள், ‘அக்கா, ஒரே நாடு ஒரே சந்தா வந்துவிட்டதே’ என்று. வந்தது. இதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டுகிற திட்டம். 2024 நவம்பர் 25-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள், 2025 ஜனவரி 1 முதல். நல்ல காரியம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது மத்திய, மாநில அரசுகள் நடத்துகிற உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும்தான். நம்ம மாவட்டத்தில் அரசு கல்லூரி என்றால் கோணம், ஆசாரிப்பள்ளம் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம், மீதிக்கல்லூரிகள் பெரும்பாலும் தனியார் நிர்வாகம். நான் படிப்பதும் அப்படி ஒன்றில்தான். அதனால் எனக்கு அந்தப் பக்கம் இன்னும் கதவு திறக்கவில்லை.

‘சைஹப்’ என்றும் ஒரு கூட்டம் எழுதும். காசு கேட்கிற கட்டுரைகளைப் பதிப்பகத்தின் அனுமதி இல்லாமல் சும்மா கொடுக்கிற தளம் அது, 2011-இல் அலெக்சாண்டிரா எல்பாக்கியான் தொடங்கியது. பெரிய பதிப்பகங்கள் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2025 ஆகஸ்டில் இங்கே அதை முடக்கச் சொல்லி உத்தரவும் வந்துவிட்டது. அந்தப் பேச்சு வேண்டாம், நேர்வழியே இருக்கிறது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

எழுதினவரிடமே கேளுங்கள்!

ராத்திரி 11 மணிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். விடிந்து பல் தேய்த்துக்கொண்டே பார்க்கிறேன், பதில் வந்து கிடக்கிறது. கட்டுரை, அதோடு அவர் அதே செப்பேட்டைப் பற்றிக் கருத்தரங்கில் படித்த இன்னொரு கட்டுரை, அதோடு ‘நீ பார்த்திவபுரம் பக்கம்தான் இருக்கிறாயா, கோயிலின் இப்போதைய படம் அனுப்ப முடியுமா’ என்று ஒரு கேள்வி. வாயில் பற்பசையோடு கத்திவிட்டேன், மைனி ஓடி வந்து பாம்பா என்று கேட்டார். 3,400 ரூபாய் மிச்சம் மக்கா! மைக் வாங்கலாம் என்று நினைத்தேன், அந்தக் காசுக்கு என் அண்ணன் ஸ்கூட்டிக்கு டயர் போட்டுவிட்டான், அது வேறு சண்டை.

என்ன எழுதினேன் என்று கேட்பீர்கள். நாலே வரி. நான் இன்னார், இந்தத் துறையில் ஆய்வு செய்கிறேன். உங்கள் இந்தத் தலைப்பிலான, இந்த வருடக் கட்டுரையைப் பார்த்தேன், எங்கள் கல்லூரியில் அந்த இதழ் இல்லை. சபை நிலமாற்றம் பற்றிய பகுதி என் மூன்றாம் இயலுக்கு வேண்டும். ஒரு பிரதி அனுப்ப இயலுமா, நன்றி. அவ்வளவுதான். ‘பெருமதிப்பிற்குரிய அறிஞர் பெருந்தகை’ என்று அரைப்பக்கம் ஏற்ற வேண்டாம், அவர்களுக்கும் நேரம் இல்லை. கட்டுரையில் எந்தப் பகுதி வேண்டும் என்பதை மட்டும் கண்டிப்பாக எழுதுங்கள். தன் எழுத்தை ஒருவர் உண்மையாகவே தேடுகிறார் என்று தெரிந்தால் பெரும்பாலும் அனுப்பிவிடுகிறார்கள். தனிப்பட்ட முறையில் ஒரு பிரதி கொடுப்பதைப் பெரும்பாலான பதிப்பகங்களும் தடுப்பதில்லை.

ஒன்று விட்டுப்போனது, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மின்னஞ்சலுக்கு முன்னாடி கூகுள் ஸ்காலரில் கட்டுரையின் பெயருக்குக் கீழே ‘ஆல் வெர்ஷன்ஸ்’ என்று சின்னதாக இருக்கும், அதை அழுத்திப் பாருங்கள். எழுதினவர் தன் பல்கலைக்கழகத் தளத்தில் வரைவை ஏற்றி வைத்திருந்தால் அங்கே மாட்டும். ஜேஸ்டோர் என்கிற ஆய்விதழ்த் தளத்தில் சும்மா ஒரு கணக்குத் தொடங்கினாலே மாதம் 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம், இறக்க முடியாது, படிக்கலாம். வரலாறு, இலக்கியம் படிக்கிறவர்களுக்கு அதுவே பாதிப் பசி தீர்க்கும்.

அறிவியல்காரர்கள் இதில் கொடுத்து வைத்தவர்கள். என் பழைய ஹாஸ்டல் தோழி இயற்பியல், அவள் இதழையே பார்ப்பதில்லை, எல்லாம் ஆர்க்கைவ் (arXiv) தளம்தான். 1991-இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கியது, கட்டுரை அச்சாகும் முன்பே அங்கே போட்டுவிடுகிறார்கள். (நான் முன்னே சொன்ன ஆர்க்கைவ் வேறு, இது வேறு. பெயர் வைத்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.) மைனி நர்சிங் மேற்படிப்பு, அவருக்கு பப்மெட் சென்ட்ரல் இருக்கிறது, முழுக்கட்டுரையும் இலவசம். சமூகவியல் பக்கம் இருக்கிறவர்கள் தேசிய குடும்பநல ஆய்வைப் பாருங்கள், 2019–21 சுற்றுக்கு நம்ம மாவட்டத்துக்கே தனித் தாள் இருக்கிறது. குளச்சல் மீன்காரப் பெண்களைப் பற்றி எழுதப்போகிறேன் என்று போன வாரம் கேட்ட தங்கச்சி, உனக்குத்தான் சொல்கிறேன்.

அடுத்து சோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் எல்லாம் காந்திநகரில் இருக்கிற இன்ஃப்லிப்நெட் வழியாக இங்கேதான் சேர்கின்றன. தமிழில் எழுதியதும் உண்டு. எனக்கு உயிர். ஆனால் அதை வடிவமைத்தவர்கள் கையில் கிடைத்தால் ஒரு கேள்வி இருக்கிறது! ஓர் ஆய்வேட்டை ஏன் துண்டு துண்டாக வெட்டிப் போடுகிறீர்கள்? தலைப்பு ஒரு கோப்பு, சான்றிதழ் ஒரு கோப்பு, உறுதிமொழி ஒரு கோப்பு, நன்றியுரை ஒரு கோப்பு. எனக்கு வேண்டியது நாலாம் இயல், அது எத்தனையாவது எண்ணில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து, ஒருவருடைய அப்பா அம்மாவுக்குச் சொன்ன நன்றியெல்லாம் படித்து, ஒருவர் தன் நாய்க்கும் நன்றி சொல்லியிருந்தார், அதைப் படித்ததில் கொஞ்சம் கோபம் தணிந்தது. பழையவை வெறும் படமாக ஏற்றியவை, உள்ளே சொல் தேட முடியாது. தேடும்போது ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயரை எல்லா விதமாகவும் போட்டுப் பாருங்கள். பார்த்திவபுரம், பார்த்திபபுரம், பார்த்திவசேகரபுரம், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு முடிவு வருகிறது.

நம்ம மாவட்டத்துக்காரருக்கு இன்னொரு தலைவலி. 1956 நவம்பர் 1-இல் நாம் தமிழ்நாட்டுப் பக்கம் வந்துவிட்டோம், காகிதங்கள் கேரளப் பக்கமே இருந்துவிட்டன. திருவிதாங்கூர் ஆவணம் என்றால் திருவனந்தபுரம்தான். பஸ்ஸோ ரயிலோ பிடித்துப் போய்ப் பார்க்கத்தான் வேண்டும். அது எனக்குப் பிடிக்கவும் செய்யும், அங்கே சாப்பிடுகிற பழம்பொரிக்காகவாவது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. படிக்கக் காசு கேட்பது ஒரு வகை, போடக் காசு கேட்பது இன்னொரு வகை. வாட்ஸ்அப்பில் வருமே, ‘மூன்று நாளில் வெளியீடு, 1,200 ரூபாய், சான்றிதழ் இலவசம்’ என்று. அந்த இதழில் கல்வெட்டு, இறால் வளர்ப்பு, நர்சிங், வணிகவியல் எல்லாம் ஒரே அட்டைக்குள். மூன்று நாளில் யார் படித்து மதிப்பிட்டார்கள்? தகுதியான இதழ்கள் என்று யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, வைத்திருந்த ‘கேர்’ பட்டியலையும் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள், இனி எந்த இதழ் தகுதியானது என்று அந்தந்தக் கல்வி நிறுவனமே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடைகளுக்கு அது கொண்டாட்டம். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யூஜிசி 2022 விதிகளிலேயே எடுத்துவிட்டது, உங்கள் பல்கலைக்கழகம் கேட்கிறதா என்று முதலில் விசாரியுங்கள், பிறகு பணம் கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். யோசிக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. நம்ம தேரூர்க்காரர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, ஆசிரியராக இருந்தவர், காந்தளூர்ச்சாலை என்கிற இன்னொரு பழைய சாலையைப் பற்றி ஆங்கிலத்தில் ஆராய்ச்சி எழுதினார். இன்றைக்கும் அதை எடுத்துப் பேசுகிறார்கள். 1,200 ரூபாய்ச் சான்றிதழை யார் எடுத்துப் பேசப்போகிறார்கள்?

ஆமாம், இன்டர்நெட் ஆர்க்கைவில் கோபிநாத ராவின் அந்தத் தொகுதியை இறக்குகிறவர்கள் கவனியுங்கள், ஒரே தொகுதிக்கு ஒன்றுக்கு மேல் நகல் இருந்தால் படத்தாள் தெளிவாக இருப்பதைப் பார்த்து எடுங்கள். நான் முதலில் இறக்கியதில் செப்பேட்டுப் படம் ஒரே கறுப்பு, எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம், கிடைத்த கட்டுரையைப் படித்தாயா என்று கேட்பீர்கள். படித்தேன், நன்றாகத்தான் இருக்கிறது, நிலமாற்றம் பற்றி அவர் சொல்வது எனக்கு ஒத்தும் போகிறது. ஆனால் எட்டாம் பக்கத்தில் ஒரு வரைபடம், அதில் முஞ்சிறையைக் குழித்துறை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டு வைத்திருக்கிறார். சரிபார்த்த மதிப்பீட்டாளர் யாரும் ஒருமுறைகூட புதுக்கடை பஸ்ஸில் ஏறியதில்லை போல. நாளைக்குக் கோயில் படத்தோடு அதையும் அவருக்கு எழுதப்போகிறேன், என்ன பதில் வருகிறது என்று அடுத்ததில் சொல்கிறேன். மைனி கூப்பிடுகிறார், வரட்டுமா மக்கா.