செல் படலம்: பிரிப்பதும் கொண்டுசேர்ப்பதும்

நேயர்களுக்கு வணக்கம். உடம்பில் பெரும்பகுதி வெந்துபோனவருக்கு எடுத்து ஒட்ட நல்ல தோல் மிஞ்சாது. அப்போது அவருடைய தோலிலிருந்தே சில சதுர சென்டிமீட்டர் எடுத்து, ஆய்வுக்கூடத்தில் படலமாக வளர்த்து, காயத்தின் மேல் வைக்கலாம். இதற்கு வழி திறந்தது, 1975-இல் ஹோவர்ட் கிரீனும் ஜேம்ஸ் ரைன்வால்டும் வெளியிட்ட வளர்ப்பு முறை.

வளர்ப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேல்தோலைப் பிரித்து, செல்களைத் தனித்தனியாக்கி, தட்டில் இட்டு, 37 டிகிரி வெப்பமும் 5 விழுக்காடு கரியமில வாயுவும் உள்ள பெட்டியில் வைப்போம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊட்டநீரை மாற்றுவோம். ஏறத்தாழ மூன்று வாரத்தில் தட்டு நிறைந்துவிடும். நிறைந்த பிறகும் விட்டுவைத்தால் செல்கள் முதிர்ந்து, பெருகும் திறனை இழக்கும்.

சிக்கல் பிரித்தெடுப்பதில்தான் தொடங்குகிறது. டிரிப்சின் என்ற நொதியை ஊற்றினால் செல்கள் தனித்தனியாகச் சிதறிவிடும், படலமே இருக்காது. டிஸ்பேஸ் என்ற நொதி படலத்தை முழுசாகத் தூக்கித் தரும். ஆனால் பிடிமானம் போன உடனே, காய்ச்சிய பாலின் ஏட்டைக் கரண்டியால் தொட்டதுபோல் அது சுருண்டுகொள்ளும். பரப்பு பாதிக்கும் கீழே குறையலாம். அதனால் வாசலின் தடவிய காஸ் துணியை மேலே வைத்துப் பிடித்த பிறகுதான் எடுக்க வேண்டும். எந்தப் பக்கம் காயத்தைத் தொட வேண்டும் என்பதற்கும் அடையாளம் வேண்டும். தலைகீழாக வைத்தால் ஒட்டாது.

ஜப்பானில் தெருவோ ஒக்கானோ குழு வேறு வழி கண்டது. தட்டின் அடியில் மெல்லிய பாலிமர் பூச்சு. 37 டிகிரியில் செல்கள் அதைப் பற்றிக்கொள்ளும். 32-க்குக் கீழே இறங்கினால் பூச்சு நீரை உறிஞ்சி, படலத்தைத் தானே விட்டுவிடும். நொதி தேவையில்லை, அடிப்பக்கப் புரதங்களும் சேதமாவதில்லை. இது மிக அழகான தீர்வு. ஆனால் நம் குளிரூட்டிய ஆய்வுக்கூடம் 22, 23 டிகிரியில் இருக்கும். ஊட்டநீர் மாற்றும்போது தட்டை வெளியே வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால், நேரம் வருவதற்கு முன்பே ஓரம் கிளம்பிவிடும். ஊட்டநீரை முன்கூட்டியே சூடாக்கி, தட்டைச் சூட்டுப் பலகையில் வைத்தே வேலை செய்ய வேண்டும்.

அடுத்து, ஆய்வுக்கூடத்திலிருந்து மருத்துவமனைக்குப் பயணம். எபிசெல் என்ற தோல் படலத்துக்கு ஆயுள் 24 மணி நேரமே. கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குச் சாலையில் சுமார் 350 கிலோமீட்டர். நோன்புப் பெருநாள் நெரிசலையும் தைப்பூசத்துக்கு அடைக்கும் சாலைகளையும் பார்த்துத்தான் அறுவை நாளைக் குறிக்க வேண்டும். கொண்டுபோகும் பெட்டிக்குள் கரியமில வாயு கிடையாது. சாதாரண ஊட்டநீர் காரமாகி ஊதா நிறத்துக்குப் போகும். அதற்கென்று, அமில-கார அளவு மாறாமல் காக்கும் தாங்கல் (buffer) கலந்த நீர் வேண்டும். கலனை விளிம்புவரை நிரப்புங்கள். காற்றுக்குமிழி இருந்தால், வண்டி குலுங்கும்போது அது உருண்டு உருண்டு படலத்தைக் கிழித்துவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் பெட்டியை ஒருபோதும் விடக்கூடாது. வெப்பத்தைப் பதியும் கருவி உள்ளேயே இருக்கட்டும். முழுமையான கிருமிச் சோதனை முடிய 14 நாள் ஆகும். அதுவரை படலம் காத்திருக்காது என்பதால், விரைவுச் சோதனைகளை முன்பே முடித்திருக்க வேண்டும்.

அறுவை அறையில் கெட்ட சதையை நீக்கி, இரத்தக் கசிவை நிறுத்திய பிறகே படலம் வைப்பார்கள். காயத்தைத் துடைத்த அயோடின் மிச்சமிருந்தால் செல்களைக் கொன்றுவிடும். உப்புநீரால் நன்றாகக் கழுவ வேண்டும். பிறகு காயக்கட்டை ஒரு வாரம்போல் அசைக்கவே கூடாது. குடும்பத்தார் திறந்து பார்க்கக் கேட்பது இயல்புதான், ஆனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேல்தோல் மட்டும் உள்ள படலம் கீழே நன்றாக வேர்பிடிக்க மாதங்கள் ஆகும். அதுவரை கொப்புளம் போடும். கோலாலம்பூர் செராசில் உள்ள யுகேஎம் (மலேசிய தேசியப் பல்கலைக்கழக) ஆய்வாளர்கள், நோயாளியின் இரத்தத்திலிருந்தே எடுத்த ஃபைப்ரின் என்ற உறைபுரதத்தில் மேல்தோல் செல்லையும் அடித்தோல் செல்லையும் சேர்த்து ஈரடுக்காக வளர்த்தது இந்தக் குறைக்காகத்தான். வீடு திரும்பியவர் உரசாத பருத்தித் துணி உடுத்தட்டும். கொப்புளம் கண்டால் ஊசியால் குத்தாமல், சிகிச்சை தந்த பிரிவிலேயே அன்றே காட்டுங்கள். வணக்கம்.