பேரழிவைத் தருபவை சிறு ஆயுதங்களே

நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

'இன்றைய போர்களில் பேரழிவைத் தருபவை கனரக ஆயுதங்களா, சிறு ஆயுதங்களா?' என்பது நமக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. எதிரணித் தலைவர் ஹிரோஷிமாவில் தொடங்கினார். அடுத்து வந்த சகோதரி உக்ரைனின் மரியுபோலையும் காசாவையும் சொன்னபோது இந்த அரங்கத்தில் ஒரு சத்தமில்லை. அவர் சொன்ன எதையும் நான் மறுக்கப் போவதில்லை. உக்ரைனில் அதிக உயிர்களைப் பறித்தவை பீரங்கிகளும் ட்ரோன்களும். காசாவில் விமானக் குண்டுகள். அதை ஒப்புக்கொண்டே என் வாதத்தைத் தொடங்குகிறேன். செத்தவர்களை இரண்டு அணிகளும் பங்கு போட்டுக்கொள்ளும் மேடையாக இது ஆகிவிடக் கூடாது.

ஆனால் நடுவர் அவர்களே, அவை அரசுகள் நடத்தும் போர்கள். கேமராக்கள் போகும் போர்கள். உலகில் இன்று நடக்கும் ஆயுத மோதல்களில் பெரும்பாலானவை ஒரே நாட்டுக்குள் நடப்பவை. தெற்கு சூடான், கிழக்கு காங்கோ, மாலி, மியான்மரின் மலைக் கிராமங்கள் என்று நீங்கள் எங்கே போனாலும், அங்கே முதலில் கண்ணில் படுவது ஒரு மனிதன் தோளில் தொங்கும் துப்பாக்கிதான். ஜெனீவாவில் இருக்கும் 'ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே' ஆய்வு நிறுவனம் 2005இல் ஒரு கணக்குச் சொன்னது: மோதல்களில் நேரடியாகக் கொல்லப்படுகிறவர்களில் 60 முதல் 90 சதவீதம் பேர் சிறு ஆயுதங்களால் சாகிறார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 2000இல், அன்றைய ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் தன் அறிக்கையில் இன்னும் கடுமையாகச் சொன்னார். பெரும்பாலான ஆண்டுகளில் இந்த ஆயுதங்கள் வாங்கும் உயிர்கள் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் போன உயிர்களைவிட அதிகம். இவற்றைப் பேரழிவு ஆயுதங்கள் என்றே அழைக்கலாம் என்றார். எதிரணித் தலைவர் தொடங்கிய அதே இடத்தை எடுத்துத்தான் அவரும் ஒப்பிட்டார்.

எதைச் சிறு ஆயுதம் என்கிறோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஆள் தூக்கிக்கொண்டு போய் இயக்கக்கூடியது: கைத்துப்பாக்கி, ரைஃபிள், ஏ.கே. வகைத் தானியங்கித் துப்பாக்கி. இவற்றோடு இரண்டு மூன்று பேர் சேர்ந்து இயக்கும் இயந்திரத் துப்பாக்கி, ராக்கெட் லாஞ்சர், குண்டெறியும் குழாயான சிறிய மோர்ட்டார் ஆகியவற்றையும் இலகு ஆயுதங்கள் என்று ஐ.நா. சேர்த்தே பேசுகிறது. நானும் அப்படியே பேசுகிறேன்.

இப்போது ஒரு நாட்டுக்குப் போவோம். மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன். 1991 மார்ச்சில் லைபீரிய எல்லையைத் தாண்டி ஒரு கிளர்ச்சிக் குழு உள்ளே வந்தது. ஆர்.யு.எஃப். என்று பெயர். தலைவர் ஃபோடே சங்கோ. அவர்களிடம் போர் விமானம் கிடையாது, ஏவுகணை கிடையாது. துப்பாக்கிகளும் ராக்கெட் லாஞ்சர்களும்தான். ஹெலிகாப்டர் வைத்திருந்தது அரசாங்கம்தான். ஆனால் அந்தப் போர் 11 ஆண்டுகள் நடந்தது. ஏறத்தாழ 50,000 பேர் செத்தார்கள். 1999 ஜனவரியில் தலைநகர் ஃப்ரீடவுனுக்குள்ளேயே கிளர்ச்சிக்காரர்கள் புகுந்தார்கள். சில வாரங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள்.

எதிரணி நண்பர் ஒருவர் எழுந்து, 'சியரா லியோனில் மக்களின் கைகளைத் துண்டித்தது அரிவாள்தானே, துப்பாக்கி இல்லையே' என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு ஊரையே வரிசையில் நிற்க வைத்து ஒவ்வொருவராகக் கையை நீட்டச் சொல்ல, அரிவாள் வைத்திருக்கும் நாலு பேரால் முடியுமா? ஊர் திருப்பி அடித்திருக்கும், ஓடியிருக்கும். அவர்களை ஓடவிடாமல் சுற்றி நின்றது துப்பாக்கி. 1994இல் ருவாண்டாவிலும் இதுதான் நடந்தது. தேவாலயத்துக்குள் ஒதுங்கியவர்கள் மீது முதலில் கையெறி குண்டு விழுந்தது, துப்பாக்கி சுட்டது. அரிவாள் அதற்குப் பிறகுதான் உள்ளே போனது.

சியரா லியோனில் நம் நாட்டு ராணுவத்தினரும் இருந்தார்கள் என்பது இந்த அரங்கத்தில் பலருக்கு நினைவிருக்காது. ஐ.நா. அமைதிப் படையில் போனவர்கள். 2000 மே மாதம் கிளர்ச்சிக்காரர்கள் ஐ.நா. படையினர் சுமார் 500 பேரைப் பிடித்து வைத்தார்கள். கைலாஹுன் என்ற ஊரில் இருநூறுக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள், பெரும்பாலும் கூர்க்கா படைப்பிரிவினர், இரண்டு மாதத்துக்கும் மேல் முற்றுகைக்குள் கிடந்தார்கள். ஜூலை மாதம் 'ஆபரேஷன் குக்ரி' என்ற அதிரடி நடவடிக்கையால்தான் வெளியே வந்தார்கள். உலகத்தின் பெரிய ராணுவங்களில் ஒன்றைச் சேர்ந்தவர்களை, ஐ.நா. கொடியோடு நின்றவர்களை, காட்டுக்குள் அப்படி முடக்கிப் போட்டது எந்த ஏவுகணை? ஏ.கே. துப்பாக்கியும் ராக்கெட் லாஞ்சரும்தான்.

போர் முடிந்தபோது ஐ.நா. எடுத்த கணக்கு இருக்கிறது. 75,000க்கும் மேற்பட்டவர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். அவர்களிடமிருந்து வாங்கி அழித்தவை 42,000க்கும் மேற்பட்ட ஆயுதங்கள், 12 லட்சம் தோட்டாக்கள். அந்த 75,000 பேரில் ஏறத்தாழ 7,000 பேர் சிறுவர் சிறுமியர். இந்த இடத்தில் நடுவர் அவர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு பீரங்கியைப் பத்து வயதுப் பையனால் இயக்க முடியாது. போர் விமானத்தில் ஏற்றி உட்கார வைத்தால் அது ஓர் அடி நகராது. ஆனால் ஏ.கே. துப்பாக்கியின் எடை மூன்று நான்கு கிலோ. அதை வடிவமைத்த மிகைல் கலாஷ்னிகோவ் குழந்தைகளுக்காகச் செய்யவில்லை. அதிகம் பயிற்சியில்லாத சோவியத் சிப்பாய், சேற்றிலும் பனியிலும் நின்றுகொண்டு, கோளாறில்லாமல் சுட வேண்டும் என்பதற்காகச் செய்தார். 1949இல் சோவியத் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. உறுப்புகள் குறைவு, கழற்றுவது எளிது, பராமரிப்பு மிகக் குறைவு. சிப்பாய்க்கு எளிதாக இருந்த எல்லாமே பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துக்கொண்டு போன பையனுக்கும் எளிதாகிவிட்டது. குழந்தைகளைக் கடத்திக்கொண்டு போய்ப் படை கட்டலாம் என்று ஒரு தளபதிக்குத் தோன்றுவதே கையில் இந்த ஆயுதம் இருப்பதால்தான். கனரக ஆயுதம் குழந்தைகளைக் கொல்கிறது என்று சகோதரி கண்ணீரோடு சொன்னார். உண்மை. இந்த ஆயுதம் குழந்தையைக் கொல்லவும் செய்கிறது, கொல்ல வைக்கவும் செய்கிறது. அந்தப் பையன் உயிரோடு வீடு திரும்பினாலும் அவனைச் சேர்த்துக்கொள்ள அவன் ஊரே பயப்படுகிறது.

இவ்வளவு ஆயுதங்கள் அந்தக் காட்டுக்குள் எப்படிப் போயின? 1999 மார்ச்சில் உக்ரைனிலிருந்து 68 டன் ஆயுதங்கள் ஒரு சரக்கு விமானத்தில் மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவுக்கு வந்து இறங்கின. காகிதத்தில் எல்லாம் சரி. புர்கினா ஃபாசோ ராணுவத்துக்குத்தான் என்று இறுதிப் பயனாளர் சான்றிதழ் இருந்தது. சில நாட்களில் அதே பெட்டிகள் வேறொரு சிறிய விமானத்தில் ஏறி லைபீரியாவுக்குப் போய்விட்டன. லைபீரியாவுக்கு ஆயுதம் விற்கக் கூடாது என்று 1992 முதலே ஐ.நா. தடை இருந்தது. லைபீரியாவின் அன்றைய அதிபர் சார்ல்ஸ் டெய்லர் சியரா லியோன் கிளர்ச்சிக்காரர்களுக்கு ஆயுதம் கொடுத்தார், வைரம் வாங்கினார். 2012இல் அவருக்கு 50 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. ஒரு டாங்கியை இப்படிக் கைமாற்ற முடியுமா? கிளம்பும் துறைமுகத்திலேயே தெரிந்துவிடும். துப்பாக்கிப் பெட்டிக்கு ஒரு பொய்ச் சான்றிதழும் ஒரு விமானமும் போதும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். போட்ட குண்டு வெடித்து முடிந்துவிடுகிறது. சுட்ட துப்பாக்கி முடிவதில்லை. அடுத்த போருக்கு நடந்து போகிறது.

1997இல் அல்பேனியாவில் மக்களின் சேமிப்பை விழுங்கிய மோசடி நிதி நிறுவனங்கள் கவிழ்ந்தன. நம்மூரில் சீட்டுப் பணம் போனால் கலெக்டர் அலுவலகத்தின் முன்னால் கூடுவோம். அங்கே மக்கள் ராணுவக் கிடங்குகளை உடைத்தார்கள். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆயுதங்கள் வெளியே போயின. அவற்றில் கணிசமானவை மலை தாண்டிப் பக்கத்துக் கொசோவோவுக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்த ஆண்டே அங்கே போர். செர்பிய அரசுக்கும் அங்கிருந்த அல்பேனியர்களுக்கும் மனக்கசப்பு அதற்கு முன்பே இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. சில நூறு பேரின் கிளர்ச்சிக் குழுவாக இருந்தது ஒரு படையாக மாற அந்த ஆயுதங்கள் வழி செய்தன.

2011 அக்டோபரில் லிபியாவை ஆண்டுவந்த கடாஃபி கொல்லப்பட்டார். அவருடைய கிடங்குகள் திறந்து கிடந்தன. அவருடைய படையில் வேலை பார்த்த துவாரெக் இனத்தவர்கள் ஆயுதங்களோடு சகாராவைக் கடந்து மாலிக்குத் திரும்பினார்கள். 2012 ஜனவரியில் கிளர்ச்சி தொடங்கியது. மார்ச்சில் தலைநகரில் ராணுவப் புரட்சி. ஏப்ரல் தொடக்கத்தில் திம்பக்டு உட்பட மாலியின் வடபகுதி முழுவதும் அரசின் கையைவிட்டுப் போய்விட்டது. பிறகு வந்த ஐ.நா. படை பத்து ஆண்டுகள் இருந்து, 300க்கும் மேற்பட்ட தன் ஆட்களைப் பலி கொடுத்து, 2023இல் வெளியேறியது. மாலியில் இன்னும் அமைதி வரவில்லை. லிபியாவில் விழுந்த விமானக் குண்டுகளில் ஒன்றாவது பாலைவனம் தாண்டி மாலிக்கு வந்ததா?

தூர தேசங்களையே சொல்கிறாயே என்று கேட்பீர்கள். மணிப்பூரைப் பார்ப்போம். 2023 மே 3ஆம் தேதி மோதல் தொடங்கியது. மெய்தேயி மக்களுக்கும் குக்கி மக்களுக்கும் இடையிலான பகை நேற்று வந்ததில்லை. ஆனால் இந்த முறை காவல்துறைக் கிடங்குகளிலிருந்து சுமார் 6,000 ஆயுதங்களும் லட்சக்கணக்கான தோட்டாக்களும் சூறையாடப்பட்டன. கல்லெறியும் தீவைப்பும் இருந்த இடத்தில் ஊருக்கு ஊர் பதுங்குகுழி வந்தது. 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஏறத்தாழ 60,000 பேர் வீடிழந்தார்கள். மியான்மர் எல்லையில் மோரே என்று ஓர் ஊர். 1960களில் பர்மாவை விட்டு வந்த தமிழர்கள் குடியேறிய ஊர். தமிழ்ச் சங்கமும் அம்மன் கோயிலும் இருக்கிற ஊர். அந்த ஊரில் 2023 அக்டோபரில் ஒரு போலீஸ் அதிகாரியைத் தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுட்டுக் கொன்றார்கள். 2025 பிப்ரவரியில் ஆயுதங்களைத் திருப்பித் தாருங்கள் என்று ஆளுநர் கேட்டார். அந்தக் கெடுவுக்குள் வந்தவை ஆயிரத்தை ஒட்டித்தான். மற்றவை யார் வீட்டுக் கூரையில் இருக்கின்றன என்ற பயத்தோடுதான் அங்கே ஒரு தாய் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது.

'துப்பாக்கி தானாகச் சுடுமா, மனிதன்தானே சுடுகிறான்?' என்று எதிரணித் தலைவர் கேட்டார். ஐயா, குண்டும் தானாக விழுவதில்லை, அதையும் மனிதன்தான் போடுகிறான். ஆனால் விமானத்திலிருந்து குண்டு போடப் பல பேர் உத்தரவு கொடுக்க வேண்டும்; அந்த உத்தரவில் பெயர் இருக்கும், பிறகு விசாரிக்க முடியும். துப்பாக்கிக்கு ஒருவனுடைய ஒரு நிமிடக் கோபம் போதும். சுட்டவன் யார் என்று கேட்டால் ஊரே பார்க்கவில்லை என்று சொல்லும்.

கடைசியாக ஒன்று. அணு ஆயுதத்தை எண்ணினார்கள், ஏவுகணையை எண்ணினார்கள், இரண்டு வல்லரசுகள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டன. உலகத்தில் துப்பாக்கிகள் எத்தனை? 2017 இறுதியில் 100 கோடிக்கும் மேல் என்பதே மதிப்பீடு. அதில் ராணுவங்களிடம் இருப்பவை 13.3 கோடி, பொதுமக்கள் கையில் 85.7 கோடி, மீதி காவல்துறைகளிடம். 2013 ஏப்ரல் 2ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபை ஆயுத வணிக ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. துப்பாக்கி எங்கே போகிறது, யார் கையில் படுகொலைக்குப் பயன்படும் என்று விற்கிற நாடு முதலில் பார்க்க வேண்டும் என்கிறது அந்த ஒப்பந்தம். அமெரிக்கா கையெழுத்திட்டது, அத்தோடு நின்றது. 2019இல் அதையும் மதிக்க மாட்டோம் என்று அறிவித்துவிட்டது. ரஷ்யா சேரவே இல்லை. விற்கிற நாடுகளுக்கே சாதகமாக இருக்கிறது, பயங்கரவாதக் குழுக்களைத் தடுப்பதில் பலவீனமாக இருக்கிறது என்று காரணம் சொல்லி இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. அந்தக் காரணத்தில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் வெளியே நின்றுகொண்டு அதைத் திருத்த முடியாது.

துப்பாக்கிகளைச் சேகரித்துவிட்டால் போயிற்று என்றும் எதிரணியில் சொன்னார்கள். மொசாம்பிக்கில் உள்நாட்டுப் போர் முடிந்து 1992இல் சமாதானம் வந்தது. மூன்று ஆண்டு கழித்து அங்குள்ள கிறிஸ்தவ மன்றம் ஒரு வேலையில் இறங்கியது: துப்பாக்கியைக் கொடுத்தால் தையல் இயந்திரமும் சைக்கிளும் மண்வெட்டியும் தந்தார்கள். வாங்கிய துப்பாக்கிகளை வெட்டிச் சிற்பிகளிடம் கொடுத்தார்கள். அப்படிச் செய்த நாற்காலி ஒன்று லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நல்ல மனிதர்கள், கும்பிட வேண்டிய வேலை. ஆனாலும் அந்தப் போரின் ஆயுதங்கள் எல்லை தாண்டித் தென்னாப்பிரிக்காவின் கொள்ளைக்காரர்கள் கைக்குப் போனதால், அந்நாட்டுப் போலீசே 1995 முதல் மொசாம்பிக்குக்குள் வந்து, புதைத்து வைத்த ஆயுதங்களை ஆண்டுக்கணக்காகத் தோண்டி எடுத்து அழிக்க வேண்டியிருந்தது.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. கைலாஹுன், திம்பக்டு, மோரே ஆகிய மூன்று ஊர்களையும் உங்கள் முன் வைத்திருக்கிறேன். இவற்றில் எந்த ஊரை ஏவுகணை முடக்கியது என்று எதிரணி சொல்லட்டும். அதைக் கேட்ட பிறகு தீர்ப்பை எழுதுங்கள். நன்றி, வணக்கம்.