மணி அடிக்காத பள்ளிக்கூடம்

(திருகோணமலையில் நடந்த வாசகர் சந்திப்பில் பேசியது)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, வேலைப்பளுவுக்குள்ளும் வந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, எனக்கு எழுத்தறிவித்த அதிபர் ஐயா அவர்களே, மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வந்திருக்கும் ஆசிரியர்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய தம்பிக்கும் நன்றி.

பிள்ளை பிறக்காத உலகத்தைச் சொல்லும் கதைகள் பற்றி மூன்று விடயம் பேசலாம்: விஞ்ஞானம், அரசியல், பள்ளிக்கூடம். 'பிள்ளை இல்லாத வீட்டில் கிழவன் துள்ளி விளையாடினானாம்' என்று அம்மம்மா அடிக்கடி சொல்லுவா. அந்தப் பழமொழியை ஒரு நாடு முழுவதற்கும் விரித்தால் ஆங்கில எழுத்தாளர் பி. டி. ஜேம்ஸ் 1992இல் எழுதிய 'த சில்ட்ரன் ஒஃப் மென்' நாவல் வரும்.

கதை நடப்பது இங்கிலாந்தில், 2021இல். கடைசிப் பிள்ளைகள் பிறந்தது 1995இல். ஆண்களின் விந்து வலுவிழந்துபோனதுதான் காரணம். நம் ஊரில் மட்டும் எப்போதும் பெண்ணைத்தான் மலடி என்கிறோம், அதைத் தனியாகப் பேச வேண்டும். நாவலில் பூங்காக்களின் விளையாட்டுச் சாதனங்களைக் கழற்றிவிடுகிறார்கள். பள்ளிக்கூடங்களைப் பலகை அடித்து மூடுகிறார்கள், சிலவற்றில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. சில பெண்கள் பொம்மையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். எங்கள் கச்சான் ஆச்சி கண்ணுக்குள் வந்துவிட்டா.

கொட்டியாரக் குடாவுக்கு அங்கால் எங்கள் கிராமம். பள்ளிக்கூட வாசல் வேம்புக்குக் கீழே ஆச்சி சுளகோடு இருப்பா. பழைய கொப்பித் தாளில் சுருள் சுற்றி, கச்சான் போட்டுத் தருவா. காசில்லாத பிள்ளைக்கும் ஒரு பிடி உண்டு. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். அடுத்த திங்கட்கிழமையும் ஆச்சி வந்து குந்தியிருந்தா.

"ஆச்சி, பள்ளிக்கூடம் பூட்டியாச்சே?"

"தெரியும் தம்பி. இந்த நேரத்துக்கு வீட்டில இருக்க ஏலாது."

இடைவேளை நேரம் வந்ததும் ஒரு சுருளை கேற் கம்பியில் செருகுவா. அணில் தின்னும். சாகும்வரை அப்படித்தான்.

இப்போது அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில் நாங்கள் வயதானவர்கள் கரம் விளையாடுகிறோம். பிள்ளை இல்லாத வீட்டில் கிழவன் துள்ளி விளையாடினானாம்! காயை அடிக்கும் கை எனக்கு நடுங்குகிறது, ஐயா.

சரி, விஞ்ஞானமும் அரசியலும் இன்னொரு நாளைக்கு. பிரதேச செயலாளர் அவர்கள் கோபிக்கக் கூடாது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் 11 பிள்ளைகள் படிக்கிறார்கள். அதையும் பூட்டப்போவதாகக் கதை அடிபடுகிறது. பூட்டினால் அடுத்த தை மாதம் முதலாம் வகுப்புக்கு வரவேண்டிய இரண்டு சின்னதுகளுக்கு பஸ்கூட இல்லை. வாசல் மேசையில் மனு இருக்கிறது, பேனையும் இருக்கிறது. தேநீர் குடிக்கப் போகும்போது கையெழுத்து வைத்துவிட்டுப் போங்கள்.