செருப்பா, காலா?

நேயர்களுக்கு வணக்கம். செயற்கைக் கால் செய்துகொடுக்கும் பட்டறையில் 32 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இவனைப் போய் தேவதைக் கதை பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்களே என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

பதினோராம் வகுப்பு படிக்கிற என் பேத்தி ஒருநாள் ஓர் ஆங்கில நாவலைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். "தாத்தா, இது சிண்ட்ரெல்லா கதைதான். ஆனா உங்க பட்டறைக் கதை மாதிரியே இருக்கு" என்றாள். அமெரிக்க எழுத்தாளர் மரிஸா மேயர் எழுதிய 'சிண்டர்'. 2012இல் வந்தது. பதின்வயதுப் பிள்ளைகளுக்காக, பழைய தேவதைக் கதைகளை அறிவியல் புனைகதையாக மாற்றி எழுதிய வரிசையில் முதல் புத்தகம். எனக்கு ராக்கெட் கதையெல்லாம் ஒத்துவராது. சரி, பேத்தி மனசு நோகக் கூடாதே என்று பிரித்தேன். எடுத்த எடுப்பிலேயே ஒரு பெண்ணின் கணுக்காலில் இருக்கும் ஸ்க்ரூ துருப்பிடித்துக் கிடக்கிறது! அப்புறம் எங்கே கீழே வைப்பது?

எதிர்காலத்து நியூ பெய்ஜிங் நகரம். வாரச்சந்தையில் கடை போட்டு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் 16 வயதுப் பெண் சிண்டர். பாதி மனுஷி, பாதி இயந்திரம். பாதி என்றால் சும்மா பாதி இல்லை, அவள் உடம்பில் 36.28 சதவீதம் இயந்திரம் என்று கணக்கே இருக்கிறது. ஒரு கையும் ஒரு பாதமும் உலோகம். அந்தப் பாதம் அவளுக்குப் பத்தவில்லை. பதினோரு வயதில் பொருத்தியது. ஐந்து வருஷமாக அதே பாதம்!

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஜூன் மாதம் வாங்கிய பள்ளிக்கூட ஷூ அடுத்த ஜூனில் கடிக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவீர்கள். கடிப்பது காலே என்றால்? வளரும் பிள்ளைக்குச் செயற்கைக் காலை ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் நல்ல கால் நீண்டுகொண்டே போகும், இது அப்படியே நிற்கும். இடுப்பு ஒரு பக்கம் சாயும், அப்புறம் முதுகு வலிக்கும்.

எங்கள் பட்டறைக்கு ஒரு பெண் பிள்ளை வரும். விபத்தில் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. முதல் கால் செய்துகொடுத்தபோது ஒன்பது வயது. இரண்டு வருஷம் ஒழுங்காக வந்தது. அப்புறம் ஆளைக் காணோம். திரும்ப வரும்போது பதின்மூன்று வயது, பாவாடை தாவணி. நடந்து வந்த விதத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. காலைக் கழற்றச் சொன்னேன். குதிகாலுக்கு அடியில் அட்டையை வெட்டி, மடித்து, துணி சுற்றி, உயரம் கூட்டி வைத்திருந்தது. அட்டை நைந்து போனால் வேறு அட்டை. "ஏம்மா, முன்னாடியே வரக்கூடாதா?" என்று கொஞ்சம் சத்தம் போட்டேன். கூட வந்திருந்த அப்பா தலையைக் குனிந்துகொண்டார். தினக்கூலிக்காரர். இங்கே வந்துபோக இரண்டு நாள் கூலி போகும். அது தெரிந்துதான் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. புதுக் காலை மாட்டிவிட்டு, பழையதை என்னம்மா செய்யட்டும் என்று கேட்டேன். "மாமா, அது என் கால் இல்ல. ஆறாப்பு படிச்ச பிள்ளையோட கால்" என்றது.

ஆறாவது படித்ததும் அதே பிள்ளைதான். ஆனால் சொன்னது சரி.

அதனால்தான் சொல்கிறேன், மந்திரக்கோலைப் பிடுங்கிவிட்டு ரிமோட்டைக் கொடுத்தால் அறிவியல் புனைகதை ஆகிவிடாது. பூசணிக்காய் வண்டிக்குப் பதில் விண்கலம், எலிகளுக்குப் பதில் ரோபோ என்று வேஷம் மாற்றுகிறவர்கள் நிறையப் பேர். மேயரும் பூசணிக்காயை விடவில்லை, அதே நிறத்தில் ஒரு பழைய பெட்ரோல் காரைக் குப்பையிலிருந்து எடுத்துக்கொடுக்கிறார். அது விளையாட்டு. அந்தப் பாதம் விளையாட்டில்லை.

பழைய கதையை யோசித்துப் பாருங்கள். ஊரில் அத்தனை பெண்கள் இருக்கிறார்கள், ஒரு செருப்பு ஒருத்திக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்? சீனாவில் ஒன்பதாம் நூற்றாண்டில் துவான் செங்ஷி எழுதிவைத்த யே ஷியன் கதையும் இதே மாதிரிக் கதைதான், அதில் அது தங்கச் செருப்பு. நாட்டிலேயே சின்னப் பாதம் உள்ளவளுக்கும் ஓர் அங்குலம் பத்தவில்லையாம். பிரான்சில் பெரோ 1697இல் எழுதும்போது கண்ணாடிச் செருப்பு ஆகிவிட்டது. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்டதைப் படித்தால் என் போன்றவனுக்கு வயிற்றைப் பிசையும். செருப்பு பத்தவில்லை என்று ஒருத்தி கால் விரலை வெட்டிக்கொள்கிறாள், இன்னொருத்தி குதிகாலை. கத்தியை எடுத்துக்கொடுப்பது அம்மா! பின்னால் வந்த பதிப்பில், ராணியான பிறகு நீ எங்கே நடக்கப் போகிறாய் என்று சமாதானம் வேறு.

ஆக, செருப்புக்காகக் காலை வெட்டிய கதை அது. மேயர் அதை அப்படியே திருப்பிப்போட்டார். இந்தச் சிண்டருக்குப் புதுப் பாதம் வருகிறது, சிற்றன்னை அதைப் பிடுங்கிக்கொள்கிறாள். வேறு வழியில்லாமல் பழைய சின்னப் பாதத்தையே மாட்டிக்கொண்டு அரண்மனை விருந்துக்குப் போகிறாள். திரும்பி ஓடும்போது படிக்கட்டில் கழன்று விழுவது செருப்பு இல்லை நேயர்களே, கால்!

ஒரு குறை சொல்லியே தீரவேண்டும். நாவலில் பாதத்தைச் சொருகியதும் பல்பு எரிகிற மாதிரி உணர்ச்சி வந்துவிடுகிறது. எங்கள் தொழிலில் உயிரே சாக்கெட்டில்தான் இருக்கிறது. மீந்த கால் போய் உட்காருமே, அந்தக் குழி. அதில் ஒரு நூல் பிசகினாலும் புண்ணாகிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1968இல் ஜெய்ப்பூரில் ராம்சந்திர ஷர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் சேத்தியும் சேர்ந்து ரப்பரில் ஒரு பாதம் செய்தார்கள். வெறுங்காலோடு நடக்கலாம், வயலில் இறங்கலாம், சம்மணம் போட்டு உட்காரலாம். தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஊருக்கு என்ன வேண்டும் என்று யோசித்துச் செய்தது. இதைப் பற்றியே தனியாக ஒரு உரை…

சரி, உள்ளேயிருந்து கை காட்டுகிறார்கள். மீதிப் புத்தகங்களை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். சிவப்புக் குல்லாய்ப் பெண்ணின் பாட்டி இதில் படுக்கையோடு படுக்கையாகக் கிடப்பவள் இல்லை, ராணுவ விமானம் ஓட்டியவள். கோபுரத்தில் அடைபட்ட ராபன்ஸல் இங்கே செயற்கைக்கோளில் ஏழு வருஷம் தனியாக இருக்கிறாள். கூந்தல் ஏன் அவ்வளவு நீளம்? வெட்டிக்கொள்ளக் கத்திரிக்கோலே கொடுத்துவைக்கவில்லை. கிரிம் கதையில் இளவரசனின் கண்ணைக் குத்தியது முள். இதில் பார்வை போகிறவன் பெயரே தோர்ன், அதாவது முள்!

கடைசியாக ஸ்னோவொயிட். விரிவாகச் சொல்ல நினைத்தது இதைத்தான். பழைய ராணி கண்ணாடியை விட்டு நகரமாட்டாள். நிலவை ஆளும் இந்த ராணியோ பார்ப்பவர் மனதை மயக்கி அழகியாகத் தெரிகிறவள். கண்ணாடிக்கு மனம் ஏது, மயங்குவதற்கு? அதனால் தன் அரண்மனையில் ஒரு கண்ணாடிகூட… விளக்கு சிவப்பாகிவிட்டது. வருகிறேன், வணக்கம்.